என் முன்னால் ஆறு, தனியாகப் பதினெட்டு

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் அல்சூரில் பெற்றோர் வீட்டுக்குப் போயிருந்தபோது, அடுப்படியில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா, கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த அப்பாவுக்குக் கேட்காத குரலில், "உங்கப்பா ராத்திரிக்கு அஞ்சு தடவ எந்திரிக்கிறார்டி. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு வேற சொல்லியிருக்கார்" என்றார். அப்பாவுக்கு வயது 71. தூரவாணி நகர் ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலையில் முப்பத்துநான்கு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காய்ச்சல் என்றால்கூட இரண்டு நாள் கழித்துத்தான் வாய் திறப்பார். சிறுநீர் தொடர்பான ஒரு தொல்லையை மகளிடம் தானாக வந்து சொல்வார் என்று நான் எதிர்பார்த்திருந்தால் அது என் தவறுதான்.

அன்று தொடங்கிய தேடல் மூன்று மாதம் நீடித்தது. அதில் நான் செய்த முதல் பிழை தமிழால் வந்தது. நம் வீடுகளில் இந்தப் பகுதியில் எது கோளாறானாலும் 'கிட்னி டாக்டர்' என்று ஒரே பெயர்தான். செய்தித்தாள்களும் இரண்டு வேறு துறையினரையும் 'சிறுநீரக மருத்துவர்' என்றே எழுதுகின்றன. நான் முன்பதிவு செய்தது நெப்ராலஜிஸ்டிடம். அவர்கள் பொது மருத்துவத்தில் எம்.டி. முடித்து அதன் மேல் டி.எம். படித்தவர்கள், சிறுநீரகம் வேலை செய்யும் திறன் குறைவது, புரதம் ஒழுகுவது, டயாலிசிஸ் ஆகியவற்றை மருந்தால் கவனிப்பவர்கள். யூராலஜிஸ்ட் என்பவர் அறுவை மருத்துவர். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர் வெளியேறும் வழி முழுவதும், அதாவது சிறுநீர்க்குழாய், சிறுநீர்ப்பை, ஆண்களுக்கு அந்தப் பையின் அடியில் சிறுநீர்ப் பாதையைச் சுற்றியிருக்கும் புரோஸ்டேட் சுரப்பி, ஆண் இனப்பெருக்க உறுப்புகள் எல்லாம் அவருடைய எல்லை. வீட்டுக் குழாய்களை வைத்துச் சொன்னால், தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரத்தைப் பார்ப்பவர் ஒருவர், அடைப்பு நீக்குபவர் இன்னொருவர். அந்த நெப்ராலஜிஸ்ட் நல்ல மனிதர். கிரியாட்டினின் அளவைப் பார்த்து, "சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, நீங்கள் போக வேண்டிய கதவு அடுத்தது" என்று ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்.

அடுத்த கதவு ஒரு பெரிய மருத்துவமனையில் இருந்தது. பெயர் வேண்டாம். அங்கே அப்பாவுக்கு வயிற்று ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் எடுத்தார்கள். புரோஸ்டேட் 42 கிராம், அந்தச் சுரப்பி ரத்தத்தில் விடும் புரதமான பி.எஸ்.ஏ. 6.2. இளம் வயதில் அந்தச் சுரப்பி ஏறத்தாழ 20 கிராம் இருக்கும் என்பதும், ஐம்பதைத் தாண்டிய பல ஆண்களுக்கு அது புற்று ஏதும் இல்லாமலேயே பெரிதாகும் என்பதும் இப்போது எனக்குத் தெரியும், அன்று தெரியாது. மருத்துவர் கணினித் திரையைப் பார்த்தபடியே, லேசர் அறுவை சிகிச்சை செய்துவிடலாம், பி.எஸ்.ஏ. அதிகமாக இருப்பதால் புற்று உண்டா என்று திசுப் பரிசோதனையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அறையில் நாங்கள் இருந்தது நான்கு நிமிடம். வெளியே வந்ததும் ஒரு பெண் எங்களை வேறு மேசைக்கு அழைத்துச் சென்று, பேக்கேஜ் விலை எழுதிய தாளைக் கொடுத்து, காப்பீடு எந்த நிறுவனம் என்று கேட்டார். அப்பா அதுவரை ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை. யாரும் அவரைக் கேட்கவும் இல்லை.

அறுவை சிகிச்சையே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. சிறுநீர் முற்றிலும் அடைத்து, குழாய் வைத்து எடுத்த பிறகும் மீண்டும் அடைத்துக்கொள்பவர்கள், தேங்கிய சிறுநீரால் சிறுநீரகமே பாதிக்கப்பட்டவர்கள், சிறுநீர்ப்பையில் கல் சேர்ந்தவர்கள், திரும்பத் திரும்பத் தொற்றோ ரத்தக் கசிவோ வருபவர்கள், மாத்திரைக்கு மசியாதவர்கள் ஆகியோருக்கு அது தேவைதான். அப்பாவுக்கு இவற்றில் ஒன்றுகூட உண்டா இல்லையா என்று கேட்காமலே தேதி குறிக்க முனைந்ததுதான் எனக்கு உறுத்தியது. மேலும் பரிசோதனை எடுத்த அன்று அவருக்கு நீர்க்கடுப்பு இருந்தது. சிறுநீர்த் தொற்று இருக்கும்போது பி.எஸ்.ஏ. தானாகவே ஏறும் என்பதை அந்த மேசையில் யாரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் உறவினர் மாநாடு கூடியது. மாமா வழக்கம்போல், "எதுக்கு இங்க அலையணும், வேலூருக்குப் போயிடலாம்" என்றார். பெங்களூர்த் தமிழர்களுக்கு நோய் என்றால் வேலூர், நேர்த்திக்கடன் என்றால் திருப்பதி. கன்டோன்மென்டில் பிருந்தாவன் ஏறினால் காட்பாடியில் இறங்கிவிடலாம் என்பது எங்கள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் வழி. அந்த நம்பிக்கைக்குக் காரணமும் உண்டு. இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை 1971-ல் அந்த சி.எம்.சி. மருத்துவமனையில்தான் நடந்தது. புற்றுநோய் என்றாலோ, ஏற்கெனவே ஓர் இடத்தில் அறுவை செய்து சிக்கலானது என்றாலோ நானும் ரயில் ஏறியிருப்பேன். ஆனால் புரோஸ்டேட் வீக்கம் ஒரு நாள் காரியம் இல்லை. மாத்திரை தொடங்கினால் சில வாரத்தில் மீண்டும் பார்க்க வேண்டும், பிறகு ஆறு மாதத்தில், பிறகு ஆண்டுதோறும். நடு இரவில் சிறுநீர் அடைத்துக்கொண்டால் இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் நிபுணர் எவ்வளவு பெரியவராக இருந்தும் பயனில்லை. தொலைவும் ஒரு தகுதிதான் என்று வாதாடி மாமாவை ஒருவாறு சமாதானப்படுத்தினேன்.

அரசு தரப்பில் விக்டோரியா மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே நெப்ரோ-யூராலஜி நிறுவனம் இருக்கிறது. கர்நாடக அரசின் தன்னாட்சி நிறுவனம். நான் குழப்பிக்கொண்ட இரண்டு துறைகளும் அங்கே ஒரே கூரையின் கீழ் இயங்குகின்றன. செலவுதான் முதல் கவலை என்று என்னிடம் யாராவது கேட்டால் அதைத்தான் முதலில் சொல்வேன். காப்பீடு வைத்திருப்பவர்களும் ஒன்றைப் பார்த்துக்கொள்வது நல்லது. புரோஸ்டேட் வீக்கம், சிறுநீரகக் கல், கண்புரை போன்றவற்றுக்குப் பெரும்பாலான பாலிசிகளில் தனியாகக் காத்திருப்புக் காலம் உண்டு. சாதாரணமாக இரண்டு ஆண்டுகள். பாலிசி எடுத்த முதல் ஆண்டிலேயே பேக்கேஜ் மேசையில் உட்கார்ந்து நம்பிக்கையோடு கையெழுத்திடுபவர்கள் பிறகு கைப்பணம் கட்ட வேண்டியதாகிவிடும்.

இணையத்தில் நட்சத்திரங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க முயன்று இரண்டு இரவுகளை வீணாக்கினேன். சிறுநீரகக் கல் எடுத்துக்கொண்டவர்கள் மகிழ்ச்சியாக எழுதுகிறார்கள், ஏனென்றால் அந்த வலி போனால் யாரும் மருத்துவரைக் கடவுளாக்கிவிடுவார்கள். காத்திருந்த நேரத்தைப் பற்றியும் வண்டி நிறுத்துமிடத்தைப் பற்றியும் நிறைய எழுதுகிறார்கள். அறுவைக்குப் பிறகு மூன்று மாதம் சிறுநீரை அடக்க முடியாமல் தவித்த ஒருவர் தன் பெயரைப் போட்டு அதை எழுதுவாரா? இந்தத் துறையில் முக்கியமான செய்திகளெல்லாம் வெட்கத்தின் பின்னால் ஒளிந்துகொள்கின்றன.

உதவியாக இருந்தவை இரண்டு. ஒன்று, படிப்பைச் சரிபார்ப்பது. எம்.பி.பி.எஸ்.சுக்குப் பிறகு பொது அறுவையில் மூன்று ஆண்டு எம்.எஸ்., அதன் மேல் யூராலஜியில் மூன்று ஆண்டு எம்.சிஎச். அல்லது அதற்கு இணையான டி.என்.பி. பட்டம் என்பதே முழுப் பாதை. பலகையில் 'லேசர் நிபுணர்', 'கல் நிபுணர்', 'ஆண்மை நிபுணர்' என்று எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். அவை பட்டங்கள் அல்ல. பெயரையும் பதிவு எண்ணையும் தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டில் யாரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். நான் தேடிய ஐவரில் ஒருவர் பொது அறுவை மருத்துவர் மட்டுமே என்று அதில்தான் தெரிந்தது. அவர் பொய் சொல்லவில்லை, விளம்பரம்தான் சற்றுத் தாராளமாக இருந்தது.

இரண்டாவது, எதிர்வீட்டு அக்கா. இருபது ஆண்டுகளாக அறுவை அரங்கில் செவிலியராக இருப்பவர். யார் கைராசிக்காரர் என்று அம்மா அவரிடம் கேட்டார். அக்கா சிரித்துவிட்டு, "கைராசி எல்லாம் ஒண்ணுமில்லம்மா. ஆபரேஷன் முடிஞ்ச அன்னிக்கு ராத்திரி ரத்தம் கட்டி டியூப் அடைச்சுக்கிட்டா, போன் பண்ணா எடுக்கறவர் யாருன்னு பாருங்க" என்றார். நான் கேட்டிருக்கக்கூடிய எந்தக் கேள்வியையும்விட அது மேலானது. அதோடு, இந்த அறுவையை வாரத்துக்கு எத்தனை முறை செய்கிறார், கத்தியைப் பிடிப்பது அவரா, அவரிடம் பயிற்சி பெறுபவரா என்பதையும் கேட்கச் சொன்னார். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று நான் தயங்கியபோது, "கோச்சுக்கிட்டா அதுவும் ஒரு பதில்தானே?" என்றார்.

அக்காவும் எங்கள் தெருக்கோடி கிளினிக் மருத்துவரும் ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே பெயரைச் சொன்னார்கள். நடுத்தர அளவிலான ஒரு மருத்துவமனை. இந்திரா நகர்ப் பக்கம். வரவேற்பில் ஒரு படிவம் கொடுத்தார்கள். உலகம் முழுவதும் புரோஸ்டேட் தொல்லையை அளக்கப் பயன்படும் ஏழு கேள்விகள்: கடந்த ஒரு மாதத்தில் சிறுநீர் கழித்த பிறகும் பை முழுதாகக் காலியாகாத உணர்வு எத்தனை முறை, விட்டுவிட்டு வருவது எத்தனை முறை, அடக்க முடியாமல் ஓடுவது, முக்க வேண்டியிருப்பது, இரவில் எழுந்திருப்பது என்று ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை மதிப்பெண். மொத்தம் 35. ஏழு வரை லேசானது, எட்டிலிருந்து பத்தொன்பது வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. ஆங்கிலத்தில் இருந்ததால் நான் படித்துத் தமிழில் சொன்னேன். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு, "அதெல்லாம் இல்லம்மா", "எப்பவாவது" என்று பதில் சொன்னார். கூட்டிப் பார்த்தால் ஆறு.

மருத்துவர் படிவத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்கள் சற்று வெளியே இருங்கள், தேவைப்பட்டால் கூப்பிடுகிறேன்" என்றார். கதவு சாத்துவதற்குள் அவர் நாற்காலியை அப்பாவின் பக்கம் இழுத்துப் போட்டு, "ராத்ரி எஷ்டு சல ஏள்தீரா, யஜமான்ரே?" என்று, இரவில் எத்தனை முறை எழுந்திருக்கிறீர்கள் என்பதைக் கன்னடத்தில் கேட்பது காதில் விழுந்தது. முப்பத்துநான்கு ஆண்டுகள் தொழிற்சாலையில் கன்னடம் பேசியவர் அப்பா. மகள் இல்லாத அறையில், வேற்று மொழியில், தன் வயதை மதித்துக் கேட்ட ஓர் ஆணிடம் அவர் இருபது நிமிடம் பேசினார். மீண்டும் உள்ளே போனபோது அதே படிவத்தில் பதினெட்டு இருந்தது.

ஆறுக்கும் பதினெட்டுக்கும் இடையே நான் உட்கார்ந்திருந்தேன் என்பது எனக்குக் கொஞ்சம் வலித்தது. மொழிபெயர்ப்பாளராக மகனோ மகளோ போவது நம் குடும்பங்களில் பாசத்தின் அடையாளம். ஆனால் இந்தத் துறையில் அது நோயாளியின் வாயைக் கட்டிவிடுகிறது. சில மாத்திரைகளாலும் அறுவைகளாலும் விந்து வெளியேறுவது நின்று பின்னோக்கிப் பைக்குள் போகக்கூடும் என்பதையெல்லாம் சொல்லித்தான் ஒருவரிடம் சம்மதம் வாங்க வேண்டும். பெற்ற மகளை வைத்துக்கொண்டு அதை எழுபது வயதுக்காரரிடம் எப்படிப் பேசுவது? மருத்துவருக்கு அப்பாவின் மொழியோ, அப்பாவுக்கு மருத்துவரின் மொழியோ தெரிந்திருக்க வேண்டும் என்பது என் பட்டியலில் முதலில் இல்லை. இப்போது படிப்புக்கு அடுத்தபடியாக அதைத்தான் வைப்பேன்.

அவர் அன்று அறுவையைப் பற்றிப் பேசவே இல்லை. முதலில் அளந்தார். தண்ணீர் குடித்துப் பை நிறைந்த பிறகு புனல் வைத்த ஒரு கருவியில் சிறுநீர் கழிக்கச் சொன்னார்கள். வேகம் நொடிக்கு 9 மில்லிலிட்டர். பதினைந்துக்கு மேல் இருந்தால் கவலையில்லை, பத்துக்குக் கீழே போனால் தடை இருக்கலாம் என்றார். உடனே, பையின் தசை தளர்ந்திருந்தாலும் இதே எண் வரும், இந்தச் சோதனையால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது என்றும் சேர்த்துக்கொண்டார். 150 மில்லிலிட்டராவது கழித்தால்தான் அந்த அளவுக்கே மதிப்பு உண்டாம். பிறகு ஸ்கேனில் மீதம் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று பார்த்தார்கள்: 70 மில்லிலிட்டர். தொற்றுக்கு மருந்து எழுதி, ஆறு வாரம் கழித்து பி.எஸ்.ஏ. மறுபடி எடுக்கச் சொன்னார். கடைசியாக ஒரு வெற்றுத் தாள். மூன்று நாளைக்கு எப்போது என்ன குடித்தார், எப்போது எவ்வளவு கழித்தார் என்று அளந்து எழுதி வர வேண்டும்.

அந்தத் தாள் எங்கள் வீட்டில் சிறு கலகத்தை உண்டாக்கியது. அம்மா தன் சமையல் அளவுக் குவளையைத் தர மறுத்து, புதிதாக ஒன்று வாங்க வைத்தார். ஆனால் மூன்று நாளில் அது சொன்னதை எந்த ஸ்கேனும் சொல்லியிருக்காது. அப்பா மாலை ஆறு மணிக்கு மேல் இரண்டு தம்ளர் காப்பி குடிக்கிறார். படுக்கப் போகும் முன் ஒரு செம்புத் தண்ணீர், நடைப்பயிற்சி நண்பர் ஒருவர் 'கிட்னிக்கு நல்லது' என்று சொன்னதிலிருந்து. போதாததற்கு, பெங்களூரின் தூசிக்கும் குளிருக்கும் தும்மல் வந்தால் மருந்துக்கடையில் தானாக வாங்கிப் போட்டுக்கொள்ளும் சளி மாத்திரை. மூக்கடைப்பைத் திறக்கும் அதே மருந்து சிறுநீர்ப்பையின் கழுத்தை இறுக்கும், அதோடு சேர்ந்துவரும் ஒவ்வாமை மருந்து பையின் தசையைச் சோர்வாக்கும் என்று மருத்துவர் விளக்கினார். வயதான ஆண்கள் சளி மாத்திரை போட்ட மறுநாள் சிறுநீர் அடைத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வருவது அவருக்குப் பழகிப்போன காட்சியாம்.

நான் இவரைவிட்டு வேறு யாரிடமும் போவதில்லை என்று முடிவு செய்தது இரண்டாவது சந்திப்பில் அவர் கேட்ட ஒரு கேள்வியால். டாம்சுலோசின் எழுதப் போனவர் பேனாவை நிறுத்தி, "கண்புரை ஆபரேஷன் ஏதாவது பாக்கி இருக்கிறதா?" என்றார். இருந்தது. அப்பாவுக்கு வலக்கண்ணில் அடுத்த மாதம். புரோஸ்டேட் பக்கத்துத் தசையைத் தளர்த்தும் அந்த மாத்திரை கண்ணின் கருவிழித் தசையையும் தளர்த்திவிடும். அறுவையின்போது அது காற்றில் படபடக்கும் துணிபோல் ஆடி, கண் மருத்துவருக்குச் சிக்கலாகும். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் சில நாள் நிறுத்திவிட்டாலும் அந்த விளைவு முழுதாக நீங்கும் என்ற உறுதி இல்லை. எனவே கண் முடியட்டும், மாத்திரை பிறகு தொடங்கலாம், அதுவரை மாலைக் காப்பியையும் சளி மாத்திரையையும் நிறுத்துங்கள் என்றார். தன் துறைக்குரிய உறுப்பை மட்டும் பார்க்காமல் ஒரு முழு மனிதரைப் பார்க்கும் மருத்துவர் என்று எனக்குத் தோன்றிய இடம் அது.

இவ்வளவு நிதானமாகத் தேடுவதற்கு எல்லா நோயும் இடம் கொடுக்காது என்பதையும் சொல்ல வேண்டும். சிறுநீர் ஒரு சொட்டும் வராமல் அடிவயிறு உப்பினால், கல் இருப்பதாகத் தெரிந்தவருக்கு விலா வலியோடு குளிர்காய்ச்சல் வந்தால், பையனுக்குத் திடீரென்று விரையில் தாங்க முடியாத வலி எடுத்தால், மருத்துவரைத் தேர்ந்தெடுக்க உட்காரக் கூடாது. எது அருகில் இருக்கிறதோ அந்த அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். விரை முறுக்கிக்கொண்டதென்றால் ஆறு மணி நேரத்துக்குள் சரிசெய்தால்தான் அதைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் வந்தால், அதுவும் புகைபிடிப்பவருக்கு, அவசரப் பிரிவு தேவையில்லை. ஆனால் 'சூடு' என்று சொல்லி நெருஞ்சில் கஷாயத்தில் மாதங்களைக் கழித்துவிடவும் கூடாது.

ஆறு வாரம் கழித்து எடுத்த பி.எஸ்.ஏ. 2.9. திசுப் பரிசோதனைப் பேச்சு அத்தோடு நின்றது. சுரப்பியைச் சுருக்கும் இன்னொரு வகை மாத்திரை பின்னால் தேவைப்படலாம் என்றும், அதைச் சாப்பிடும்போது சில மாதங்களில் பி.எஸ்.ஏ. ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பதால் இந்த எண்ணைப் பத்திரமாக வைத்திருங்கள், வேறு யாரிடம் போனாலும் காட்டுங்கள் என்றும் சொன்னார். முதல் மருத்துவமனையிலிருந்த ஸ்கேன் படத்தையும் அறிக்கைகளையும் கேட்டு வாங்கிக் கோப்பில் வைத்தேன். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு விதிகளிலேயே இருக்கிறது. தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு உடனே கொடுத்துவிட்டார்கள்.

கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. கண் மருத்துவர் சரி என்ற பிறகு மாத்திரை தொடங்கி இன்று நான்கு வாரம். அப்பா இரவில் இரண்டு முறை எழுந்திருக்கிறார். அதையும் அவர் என்னிடம் சொல்லவில்லை, அம்மாதான் சொன்னார். சொல்லிவிட்டு, வெங்காயத் தட்டை நகர்த்தியபடி, "அந்த டாக்டர் பொம்பளைங்களையும் பார்ப்பாரா?" என்று கேட்டார். கோயிலுக்குக் கிளம்பும் நாட்களில் காலையிலிருந்தே அவர் தண்ணீர் குடிப்பதில்லை என்பதை நான் பல ஆண்டுகளாகப் பார்த்திருக்கிறேன். விரதம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பார்ப்பார் என்றேன். அடுத்த வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு இருவருக்கும் பதிவு செய்திருக்கிறேன், தனித்தனியாக. அம்மாவோடு உள்ளே போகலாமா என்று இந்த முறை அவரிடமே கேட்டுக்கொண்டேன். "மொதல்ல நான் மட்டும் போறேன்" என்றார்.